சீசருக்குப் பழைய சேலை

குற்றாலம்,
2-11-1961

அன்புள்ள இருளாயிக்கு,

நான் இங்கு சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமா, உன் இடுப்புவலி விட்டதா என்று எழுது.

சாரல் முடிந்ததும் முதலாளி குடும்பம் மதராஸ் போய்விட்டது. பங்களாவில் நானும் சீசரும்தான். சீசர், அவர்கள் விட்டுப்போன கிரேட் டேன் சாதி நாய்க்குட்டி. ஐந்து மாதத்திலேயே கன்றுக்குட்டி உயரம். இவ்வளவு பெரிய உடம்புக்குத் தீனி பற்றாதே என்று, நம் ஊரில் கோயிலுக்குக் கிடாய் வளர்ப்பதுபோல இரண்டு மடங்கு போட்டேன். போன வாரம் முன்னங்கால் வளைந்து நொண்ட ஆரம்பித்துவிட்டது.

குதிரை வண்டியில் தென்காசி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நாயா வளக்கிய, கிடாயா வளக்கிய? எலும்பு முத்துறதுக்கு முன்னால ஒடம்பு கூடுனா காலு தாங்குமா? தீனியக் கொறைங்க" என்றார். இப்போது அளவாகத்தான் போடுகிறேன். நொண்டலும் குறைந்துவிட்டது. என் வேலைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதே.

இன்னொன்றும் சொன்னார். வெறும் சிமிட்டித் தரையில் படுத்தால் கனத்த நாய்க்கு முட்டி புண்ணாகுமாம், மெத்தென்று துணி விரிக்க வேண்டுமாம். அதனால் நீ உடுத்துகிற பழைய சேலையில் இரண்டைப் பார்சல் செய்து அனுப்பு. நாய்க்கா என் சேலை என்று கோபப்படாதே. துவைக்கவும் வேண்டாம். ஐப்பசி மழையில் காய நாளாகும்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். மறக்காமல் இரண்டாக அனுப்பு. சீசருக்கு ஒன்று போதும்.

முனியசாமி