முருகேசனுக்குப் போட்ட நாலு

நைனா,

இன்று மயிலாப்பூர் குளத்துக்கு எதிரே பஸ் ஏறினேன். எதிர்வரிசையில் ஒரு பெரியவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பஸ் முழுக்க அந்த வாசனை. "இன்னா பெருசு, இது பஸ்ஸா ஆஸ்பத்திரியா?" என்றார் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நான் தி.நகர் வருவதற்கு முன்பே இறங்கி, மீதித் தூரம் நடந்தேன்.

ஒன்பதாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது நீ காரணம் கேட்கவே இல்லை. எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் வராது; வகுப்பே சிரிக்கும். அதற்குப் பிறகு சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து உனக்குச் சாப்பாடு கொண்டுவருவதுதான் என் வேலை. தி.நகர் துணிக்கடையின் பின்பக்கக் குடோனில் நீங்கள் எல்லோரும் பேல் பேலாகத் துணி மூட்டைகளை முதுகில் ஏற்றி மூன்றாம் மாடிவரை சுமப்பீர்கள். நீ ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவதை நான் கீழே நின்று பார்ப்பேன். மாடியில் ஒரு கப்பி போட்டால் பேல்களைக் கயிற்றிலேயே மேலே இழுத்துவிடலாம் என்று பேச்சு இருந்தது. அது எப்போது வரும் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை.

அந்தச் சமயத்தில்தான் மயிலாப்பூர் அக்கா வந்தார். வேலை செய்கிறவர்கள் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்பவர். அவர் கணக்கைப் பார்த்துவிட்டுக் கப்பியைப் பற்றி யோசிக்கலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். குடோனில் பலருக்கு எழுத்து தெரியாது. கேள்விகளை யாராவது படித்துக்காட்ட வேண்டியிருந்தது.

"எம் பொண்ணு படிக்கும் மேடம். வாய் தொறக்காது, ஆனா நல்லா படிக்கும்" என்றாய்.

"வாய் தொறக்காம எப்டி மச்சி படிக்கும்?" என்றார் உன்னோடு மூட்டை தூக்கும் செல்வம் அண்ணன். குடோனே சிரித்தது. எனக்கு ஓடிவிடலாம்போல் இருந்தது.

அக்கா எனக்கு ஒரே ஒரு விதிதான் சொன்னார். "இருக்கறத அப்படியே படி. நீயா எதுவும் சேர்க்காதே, கேட்காதே. நீ ஏதாவது பேசினா அவங்க பதில் மாறிடும்." அந்த விதி எனக்குப் பிடித்துவிட்டது. பேசாமல் இருப்பதையே வேலையாக எனக்கு யாரும் அதுவரை கொடுத்ததில்லை.

கொஞ்சமும் திருப்தி இல்லையென்றால் ஒன்று, முழுத் திருப்தி என்றால் ஐந்து. உன் முறை வந்தபோது நீ யோசிக்கவேயில்லை. "மீன் மார்க்கெட்டுல வெயில்ல கூடை தூக்குனவன் நானு. இங்க நெழலு கீது, குடிக்கத் தண்ணி கீது. அஞ்சு போடும்மா." எல்லாவற்றுக்கும் ஐந்து. மாடியில் கணக்கு எழுதுகிறவர்கள் இரண்டும் மூன்றும் போட்டிருந்தார்கள். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க மேடம், மூட்டை தூக்கறவங்கதான் இந்தக் கடையிலேயே நிம்மதியா இருக்காங்க. அப்புறம் கப்பி எதுக்கு?"

அக்கா பேப்பர்களை மடக்கிப் பையில் வைத்தார். "மேல இருக்கறவங்க போட்ட மார்க்கும் கீழ இருக்கறவங்க போட்ட மார்க்கும் ஒரே அளவான்னு பார்க்காம பக்கத்துல பக்கத்துல வைக்கக் கூடாது சார்" என்றார்.

அடுத்த வாரம் அவர் கொண்டுவந்தது கதைகளை. ஒரே கதையை மாடியிலும் படிக்க வேண்டும், குடோனிலும் படிக்க வேண்டும். கதையில் வரும் ஆளுக்கு எவ்வளவு திருப்தி இருக்கும் என்று கேட்டு மார்க் வாங்க வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு இடத்திலும் வேறு வேறு மார்க் வந்தால், அளக்கிற கோலே வேறு என்று அர்த்தம்.

உனக்கு நான் படித்தது முருகேசன் கதை. முருகேசன் நாள் முழுக்க மூட்டை சுமந்து மாடி ஏறுகிறார். இரவில் கால் வலியில் தூக்கம் வருவதில்லை. முதலாளி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

"நாலு போடு. பேர் சொல்லிக் கூப்டறாரே, போதாதா?" என்றாய். நான் எழுதினேன். அடுத்த கதைக்குத் தாளைத் திருப்பும்போது நீ மெதுவாகக் கேட்டாய்:

"ஏம்மா, அந்த முருகேசனுக்கு வூட்ல யாருனா கால் அமுக்கி வுடுவாங்களா?"

எனக்கு விதி நினைவுக்கு வந்தது. "அது இதுல இல்ல நைனா" என்றேன். "இல்லாட்டி வுடு" என்று சிரித்தாய். நான் அடுத்த கதையைப் படித்தேன்.

மாடியில் முருகேசனுக்கு ஒன்றுதான் போட்டார்கள். குடோனில் எல்லோரும் நாலு. நீ பொய் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை என்றார் அக்கா. அவர்கள் நாற்காலியிலிருந்து அளந்தார்கள், நீ மீன் மார்க்கெட்டிலிருந்து அளந்தாய். ஆகவே உன் ஐந்தை அவர்களுடைய இரண்டோடு சேர்த்து வைத்து யார் நிம்மதி என்று சொல்ல முடியாது. இதை மேனேஜருக்குப் புரியும்படி அவர் எழுதி முடிப்பதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. ஒரு மழை நாள் காலையில் நீ இரண்டாம் மாடிப் படியில் பேலை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாய். "இன்னா மச்சி, அதுக்குள்ள டீயா?" என்று செல்வம் அண்ணன் கேட்டாராம். நீ அப்புறம் எழுந்திருக்கவேயில்லை.

கார்த்திகையில் கப்பி வந்தது, நைனா. கயிறு கிறீச்சிடுவது தெருமுனைவரை கேட்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

"நீ நான் சொன்னபடிதானே செஞ்சே" என்கிறார் அக்கா. உண்மைதான். ஆனால் வீட்டில் எனக்கு யாரும் விதி போடவில்லை. நீ தினமும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து காலில் தைலம் தேய்ப்பாய். "இன்னா நைனா, வலிக்குதா?" என்று, அம்மா இருந்தபோது கேட்டதுபோல், நானும் சில நாள் கேட்டிருக்கிறேன். "பரவால்லம்மா" என்பாய். உன் பரவாயில்லையை என்னுடைய பரவாயில்லை என்றே எடுத்துக்கொண்டு தூங்கப் போனேன். படித்துக்காட்டிய கேள்விகளில் எல்லாம் அளவு பார்க்கத் தெரிந்தது. நம் வீட்டுக்குள் பார்க்கத் தோன்றவில்லை.

இப்போதும் அக்காவோடு போகிறேன். போன வாரம் அடையாறில் ஒரு தையல் கம்பெனி. தையல்காரி ஒருத்தியின் கதையைக் கேட்டுவிட்டு, அங்கே தைக்கிற ஒரு அக்கா, "அந்தப் பொம்பளைக்குக் கண்ணு எரியாதா?" என்றார். நான் பேனாவை மூடினேன். "உங்களுக்கு எரியுதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் வெகுநேரம் பேசினார். அந்தத் தாள் இனிக் கணக்கில் சேராது என்று மயிலாப்பூர் அக்காவிடம் கொடுத்தேன். அவர் வாங்கித் தனியே வைத்தார், திட்டவில்லை.

நீ கேட்டாயே, முருகேசனுக்கு வீட்டில் ஒரு பெண் இருந்தாள், நைனா. தைல பாட்டில் இருந்த மாடம் அவளுக்கு எட்டும் உயரம்தான்.