எனக்குச் சர்க்கரை இல்லை

நம் மகளின் அப்பாவுக்கு,

நீங்களும் உங்கள் அக்காவும் நலமா? கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன்.

“உங்கம்மாவுக்கு சர்க்கரை, உனக்கும் வரும்னு சொல்லி அத்தை காலையில சோறு போடுறதில்லம்மா” என்று மகள் போனில் அழுதாள். நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு பரிசோதனைக்கு நோயில்லாத ஆள் தேவைப்பட, நானே குளுக்கோஸ் தண்ணீர் குடித்தேன். குடல் ரத்தத்துக்கு அனுப்பிய சர்க்கரையில் ஒரு பங்கைக் கல்லீரல் எடுத்து வைத்துக்கொண்டது. இரண்டு மணி நேரத்தில் அளவு இயல்புக்கு இறங்கிவிட்டது. ஊசி குத்திய கை கொஞ்சம் வீங்கியது, அவ்வளவுதான்.

“உங்க கல்லீரல் ரொம்ப சமர்த்துக்கா” என்றாள் நர்ஸ். கல்யாணமான பிறகு என்னிடம் உள்ள ஒன்றை ஒருவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். அக்காவிடம் சத்தமாகப் படியுங்கள். மகள் தினமும் என்ன சாப்பிட்டாள் என்று தன் கையாலேயே எழுதி அனுப்பட்டும். தனியாகச் சாப்பிடும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

அவள் அம்மா