ஜனவரிச் சீட்டுகள்

விக்கிரமசிங்கபுரம்,
11 பிப்ரவரி 1912

என் ஆவுடைநாயகத்துக்கு,

ஆமாம், நீ கேட்டாயே, பாளையங்கோட்டைக்குத் தனியாகத்தான் போனேன், உன் அப்பாவுக்கு ஆலையில் லீவு கிடைக்கவில்லை. இருவரும் சுகம். ரங்கூன் குளிரில் உன்னைப் பிடித்த சளி விட்டிருக்க வேண்டுமென்பதே எங்கள் நினைப்பு, சுக்கு போட்டுக் குடி.

என் அப்பா மிஷனில் உபதேசியாராக இருந்தபோது சம்பளத்தில் பிடித்த நிதி, அவர் காலத்துக்குப் பின் என் ஆயுள் முடிய வருஷந்தோறும் எனக்கு வருமென்று மிஷன் ஆபீஸ் கடிதம் சொன்னதல்லவா, நான் நம்பவில்லை. நான் சைவ வீட்டில் வாழ்க்கைப்பட்ட நாள் முதல் இருபத்திரண்டு வருஷம் என்னோடு ஒரு வார்த்தை பேசாத மனிதர் அவர். என் பேரை அடிக்க மறந்திருப்பார் என்றே நினைத்தேன். ஆபீஸ் குமாஸ்தா அப்பாத்துரை அண்ணாச்சி தாளைப் பார்த்துவிட்டு, இதுல ஹெப்சிபான்னு இருக்கு, நீங்க சண்முகசுந்தரிங்கிய, ரெண்டும் ஒரே ஆளுன்னு யாரு சொல்லுவா என்றார். சொல்ல யார் இருக்கிறார்கள். எழுந்துவிட்டேன். இருங்க என்று உள்ளே போய் ஒரு கட்டுச் சீட்டு எடுத்துவந்தார். நிதி கட்டுகிறவர், தமக்குப் பின் பணம் பெறும் உரிமைக்காரர் உயிரோடிருப்பதாக ஒவ்வொரு ஜனவரியும் எழுதித் தர வேண்டுமாம். மத்தவங்க இங்கனயே உக்காந்து எழுதிருவாங்க, ஒங்கப்பா கண்ணால பாக்காம எழுதமாட்டாருல்லா, ஒங்க ஊருக்கு ரெண்டு நா நடந்து போவாரு, ரயில் வந்த பெறவும் நடைதான், கிறுக்குக் கெழவன்னு சிரிப்போம் என்றார்.

முதல் சீட்டு, 1890. ஹெப்சிபா, இப்போது சண்முகசுந்தரி எனப்படுகிறவள். ஆற்றில் துணி துவைக்கக் கண்டேன். உயிரோடிருக்கிறாள்.

அடுத்தது. இடுப்பில் ஆண் குழந்தை. உயிரோடிருக்கிறாள். அது நீ.

பிறகொன்றில், மெலிந்திருக்கிறாள். உன் தங்கை நம்மை விட்டுப் போய்ச்சேர்ந்த வருஷம் அது. கடைசிச் சீட்டில் எழுத்து கோணியிருந்தது. தலை நரைத்துவிட்டது. உயிரோடிருக்கிறாள்.

இருபத்திரண்டு சீட்டு. படித்துறையில், ஆலை வாசலில், நம் தெருமுனையில் ஒருவர் வந்து நின்றிருக்கிறார். நான் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டுக் கட்டின் முன் கைகூப்பினேன். சிறுமியாய் ஜெபத்தில் முழங்காலிட்டபோது மனசில் என்ன வந்ததோ, இங்கே கோயிலில் நடை திறக்கும்போது என்ன வருகிறதோ, அதுதான் அப்போதும் வந்தது. இதுக்கு மேல சாட்சி எதுக்கு என்று அண்ணாச்சி பேனாவை நீட்டினார். என் இரண்டு பெயரையும் எழுதினேன். இனி ஜனவரிதோறும் நானே போய் முகம் காட்ட வேண்டும்.

நீ மாதம் ஒரு கார்டு போடு, சுகம் என்று ஒரு வரி போதும், கூட்டாளியைக் கொண்டு எழுதாதே, உன் கையெழுத்தாக இருக்கட்டும். எங்கள் இரண்டு வீட்டுத் தெய்வமும் உனக்குத் துணை நிற்கட்டும்.

உன் அம்மா,
ஹெப்சிபா என்ற சண்முகசுந்தரி

எழுத விட்டுப்போனது. அன்று திரும்பும்போது ரயிலேறவில்லை. பாதி வழி, சேரன்மாதேவி வரை, நடந்தேன்.