தலைகீழாகப் படித்த காதல்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

மகள் என் பெட்டியில் திணித்துவிட்ட, மங்கா என்கிற ஜப்பான் படக்கதையைப் படித்தேன். மாங்காயாகவே புளித்தது. முதல் பக்கத்தில் கல்யாணம், நடுவில் சண்டை, கடைசியில் இருவரும் பேருந்து நிறுத்தத்தில் யாரோ எவரோ என்று நிற்கிறார்கள். நாமும் இப்படி ஆகிவிடுவோமோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெல்டிங்கில் கை ஓடவில்லை.

இங்கே கேம்ப் அறையில் பக்கத்துக் கட்டில் எலக்ட்ரீஷியன் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, இத கடைசிப் பக்கத்துலேர்ந்து, வலமிருந்து இடமா படிக்கணும். நீங்க தாலிய கழட்டிட்டு வந்திருக்கீங்க!"

திருப்பிப் படித்தேன். அந்த வாயாடிப் பெண்ணும் கூச்சக்காரப் பையனும் ஒருவழியாகச் சேர்ந்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனாலும் படபடப்பு அடங்கவில்லை. நீ இப்போது கண்ணாடி போடுகிறாயாமே? ஒரு போட்டோ அனுப்பு. ஊர் வந்து இறங்கும்போது நான் யாரோ எவரோ என்று நின்றுவிடக் கூடாது.

ஷிப்ட் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

இன்னும் மாப்பிள்ளை நினைப்பிலேயே இருக்கும்
உன் வீட்டுக்காரன்