காகத்துக்கு வைச்ச சோறு

மே 5, திங்கள்

குளிர். முற்றத்துப் புல்லெல்லாம் ஈரம். முழங்கால் பரவாயில்லை, படி இறங்கேக்கை மட்டும் இழுக்குது. ஒப்பரேசன் லீவு இன்னும் இருக்கு. வேர்ஹவுஸிலை என்ரை ஃபோர்க்லிஃப்டை எவன் ஓட்டுறானோ, எங்கை கொண்டுபோய் இடிக்கிறானோ.

பின்வளவு ஷெட்டுக்குள்ளை மூத்திர நாத்தம். மூக்கைப் பொத்திக்கொண்டு பெரிய சமையல் கிடாரத்தை இழுத்தால், பின்னாலை ரெண்டு கண். பொசம்! இந்த நாட்டு மரப்பிராணி, கூரை கண்டால் குடியேறும். கொழுத்த பூனையளவு, முதுகிலை ஒரு குட்டி. என்னைப் பார்த்துப் பயப்படவும் இல்லை. நான்தான் துள்ளினன், முழங்காலையும் மறந்து.

மனிசி வசந்தி வேலைக்குப் போகமுந்திச் சொன்னன். "அய்யோ, திவசத்துக்கு அங்கைதானே சமைக்க வேணும்" எண்டா. 18ஆம் திகதி ஞாயிறு அவவின்ரை அம்மாவின்ரை ஆட்டைத் திவசம், செத்து ஒரு வருசம் முடியுது. வீட்டுக்குள்ளை பெரிய சமையல் வைச்சால் மணம் போகாது. காஸ் அடுப்பு, கிடாரம், அகப்பை எல்லாம் ஷெட்டுக்குள்ளைதான்.

மே 6, செவ்வாய்

என்ரை யோசினை: செத்தல் மிளகாயும் சாம்பிராணியும். புகை போட்டால் பேயே ஓடும், பொசம் ஓடாதோ? சட்டியிலை தணல் எடுத்து உள்ளுக்கை வைச்சுக் கதவைச் சாத்தினன். புகை எல்லா இடுக்காலையும் வந்துது. நான் இருமி, தும்மி, கண்ணெரிஞ்சு கதிரையிலை விழுந்தன். பொசம் கூரை வளையிலை ஏறிக் குந்திக்கொண்டு என்னைப் பார்க்குது.

வேலிக்கு அங்காலை ரமேஷ் தலையை நீட்டினார். கோயம்புத்தூர்க்காரர், வீட்டிலை இருந்து கம்ப்யூட்டர் வேலை. "என்ன சார், ஃபயர் சர்வீஸுக்கு ஃபோன் பண்ணட்டுமா?"

பொசம் எண்டன். சிரிப்பு நிண்டுது. "சார், அது புரொடெக்டட். நாம தொடவே கூடாது. லைசென்ஸ் இருக்கறவங்கதான் வரணும்." ஆளின்ரை நம்பரும் தந்தார். நல்ல மனுசன். எண்டாலும் அந்தச் சிரிப்பு.

மே 7, புதன்

வெயில், காத்து. பொசம் பிடிக்கிற டேவ் வந்தான். பிடிக்க மாட்டானாம். யூக்கலிப்டஸிலை ஒரு மரப்பெட்டி கட்டினான், அதுதான் இனி அவையின்ரை வீடு. தாயும் குட்டியும் பொழுதுபட வெளியிலை போனாப்பிறகு கூரையிலை உள்ள ஓட்டையை அடைக்கிறதாம். எங்கடை வளவுக்குள்ளையேதான் இருக்க வேணும், வேறை இடத்திலை விட்டால் செத்துப்போகுமாம். நல்ல சட்டம். எனக்கு இந்த நாட்டிலை வீடு எடுக்க எத்தினை வருசம் போனது.

பிறகு கேட்டான், ஆர் இதுக்குச் சாப்பாடு வைக்கிறது எண்டு. ஒருத்தரும் இல்லை எண்டன். ஷெட்டுக் கூரையிலை பஷன் ஃபுரூட் கொடிக்குக் கீழை இருந்த சில்வர் தட்டைக் காட்டினான்.



அது வ. (வசந்தி) காகத்துக்கு வைக்கிற தட்டு. மாமி மோசம்போன நாளிலை இருந்து ஒரு நாளும் தவறேல்லை. சமைச்ச கையோடை முதல் பிடி அங்கை, பிறகு மற்றதை எனக்கு மூடி வைச்சிட்டு, முதியோர் இல்லத்துக் குசினி வேலைக்கு ஓடுவா. திரும்ப வர இருட்டிப்போம். விடியப் பார்த்தால் தட்டுத் துடைச்ச மாதிரி இருக்கும். "அம்மா நேற்றும் வந்திட்டா" எண்டு சொல்லுவா, அந்த முகத்தைப் பார்க்க வேணும். செத்தவீட்டுக்குப் போகக் கிடைக்கேல்லை. ஃபோனிலைதான் பார்த்தவ, அதுவும் இடையிலை அறுந்து அறுந்து.

பின்னேரம் ஜன்னலாலை பார்த்தன். பொழுது சாயுது. பொசம் வந்து தட்டுக்கு முன்னாலை குந்தி, ரெண்டு கையாலையும் சோத்தை உருட்டி வாயிலை போடுது. குட்டிக்குப் பருப்பு.

டேவ் ஓட்டையை அடைச்சிட்டான். போகேக்கை சொன்னது: சாப்பாட்டை நிப்பாட்டு, இல்லாட்டி வேறை பலகையைக் கிழிச்சுக்கொண்டு உள்ளுக்கை வரும்.

மே 8, வியாழன்

சொல்ல வாய் எடுத்தன். வ. குளிச்சு, ஈரத்தலையோடை தட்டைக் கொண்டுபோறா. "அம்மாக்கு இண்டைக்குப் பூசணிக்காய்." என்னெண்டு சொல்றது? உன்ரை அம்மா இல்லை, மரநாய் மாதிரி ஒண்டு தின்னுது எண்டோ?

சொல்லேல்லை.

அவ போனாப்பிறகு ஏணி வைச்சுத் தட்டை எடுத்தன் (முழங்கால்!). கொட்டப் போய்க் குப்பைவாளி மூடியைத் திறந்தன். படைச்ச சோத்தைக் குப்பையிலை போட மனம் வரேல்லை. சுத்திவரப் பார்த்திட்டு நானே சாப்பிட்டன். தட்டை வடிவா நக்கின மாதிரித் துடைச்சு, திரும்ப மேலை வைச்சன்.

மாமியின்ரை பங்கு மருமோனுக்கு.

மே 10, சனி

விடிய வ.: "அம்மா ஒரு பருக்கை விடேல்லை!" நான் பேப்பருக்குள்ளை தலையை விட்டன்.

செய்ய வேண்டியது: ஷெட் கழுவ. டெட்டோல். காஸ் சிலிண்டர். கதிரை கேக்க (ரமேஷ்). வாழையிலை. ஐயருக்கு ஃபோன். வ.வுக்குச் சொல்ல.

கடைசியைத் தவிர மற்றதெல்லாம் செய்தாச்சு.

மே 13, செவ்வாய்

மழை. சோறு கொஞ்சம் நனைஞ்சிட்டுது, எண்டாலும் சாப்பிட்டன். பிறகு என்ரை சாப்பாடும். பெல்ட்டிலை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கு. ஷெட்டுக்குள்ளை நாத்தம் இல்லை. பொசம் பெட்டிக்குள்ளைதான் இருக்குதாக்கும், வால் நுனி தெரியுது.

வ. ஃபோனிலை தங்கச்சியோடை கதைக்கிறா, யாழ்ப்பாணத்துக்கு. "ஓமடி, ஒவ்வொரு நாளும் வருது. திவசத்தண்டைக்கும் வரும். காகம் எடுத்தாப்பிறகுதான் ஆக்களுக்குப் பந்தி."

எனக்கு அப்பதான் உறைச்சுது. ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆக்கள். எல்லாருக்கும் முன்னாலை இவ படைச்சுப்போட்டு நிப்பா. காகம் வராது. ஒரு நாளும் வந்ததில்லையே. அம்மாவுக்கு ஏதோ குறை எண்டு உடைஞ்சுபோவா. கடவுளே, நான் என்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறன்?

மே 15, வியாழன்

காகம் பிடிக்கிற உத்தியோகம். கடையிலை உழுந்து வடை வாங்கிப் பிச்சு, உடுப்புக் காயப்போடுற கம்பிக்குக் கீழை வெளியான இடத்திலை வைச்சன். மைனா வந்துது. குப்பையைக் கிளறித் தின்னுற இஞ்சத்தைக் கொக்கு ஒண்டு வந்து என்ரை செருப்பைக் கொத்திச்சுது. இந்த நாட்டுக் காகம் அங்காலை லைட் போஸ்டிலை இருந்து குழந்தைப் பிள்ளை சிணுங்கின மாதிரிக் கத்துது. இறங்க மாட்டன் எண்டிட்டுது. வெள்ளைக் கண்ணாலை ஒரு பார்வை வேறை. நாசமாப் போவார்.

மே 17, சனி

ரமேஷிட்டை எல்லாத்தையும் சொன்னன். ஆருக்காவது சொல்லாட்டி வெடிச்சிடுவன். சிரிக்கேல்லை. "சார், சொல்லிடுங்க. நாளைக்கு எல்லார் முன்னாடியும் தெரிஞ்சா இன்னும் கஷ்டம்." ஓம் எண்டன். வீட்டை வந்தால் வ. உழுந்து ஊறப்போட்டுக்கொண்டு, தாயின்ரை படத்துக்கு மாலை கட்டிக்கொண்டு, தனக்குத் தானே ஏதோ பாடிக்கொண்டு இருக்கிறா.

கோழை நான்.

மே 18, ஞாயிறு

வெயில். ஐயர் வெள்ளன வந்து போயிட்டார். ஷெட்டிலை கத்தரிக்காய், பருப்பு, பூசணி, வடை, பாயாசம். ஆக்கள் வந்து நிறைஞ்சிட்டினம். தலைவாழை இலையிலை எல்லாம் படைச்சு, மேசையை முற்றத்து நடுவிலை வைக்கச் சொன்னன். கூரையிலை வேண்டாம், எல்லாரும் பார்க்கட்டும் எண்டன். இஞ்சையாவது காகத்தின்ரை கண்ணிலை படாதோ எண்ட நப்பாசை.

வரேல்லை. பிள்ளையள் பசியிலை சிணுங்குதுகள். கனகா அன்ரி, "பிள்ளை, எந்தக் குருவி எடுத்தாலும் சரிதான்" எண்டா. வ., "இல்லை அன்ரி, வரும். ஒவ்வொரு நாளும் வாறது." ரமேஷ் வேலியடியிலை நிண்டு "கா, கா" எண்டு கூப்பிட, எங்கடை மெரிலேண்ட்ஸ் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். வ. சீலைத் தலைப்பைக் கையிலை சுத்திக்கொண்டு வானத்தைப் பார்க்கிறா. எனக்குப் பார்க்க ஏலேல்லை. சரி, சொல்லிப்போடுவம் எண்டு கிட்டப் போனன்.

தொப்பெண்டு ஒண்டு மேசையிலை விழுந்துது. காகம். சரியான பெரிய காகம். ஒரு வடையைத் தூக்கிச்சுது.

"வசந்தி! வந்திட்டுது! காகம் வந்திட்டுதடி!" எண்டு கத்தினன். கத்தினது மட்டுமில்லை, அழுதும் போட்டன், அவ்வளவு சனத்துக்கும் முன்னாலை, விம்மி. கனகா அன்ரி தண்ணி கொண்டு வந்தா. மாமியிலை எவ்வளவு பாசம் பாருங்கோ எண்டு சனம் கதைச்சது. வ. என்னையே பார்த்துக்கொண்டு நிண்டா.

மே 19, திங்கள்

குளிர். கிடாரம் கழுவினன். வ.வுக்கு லீவு. தேத்தண்ணியோடை வந்து பக்கத்துக் கதிரையிலை இருந்தா.

"ஒவ்வொரு நாளும் வாற காகத்துக்கு ஏனப்பா அப்பிடிக் கத்தினீங்கள்?"

கிடாரத்தை இன்னும் தேய்ச்சன்.

"அப்ப மற்ற நாளெல்லாம் ஆர் சாப்பிட்டது?"

சொன்னன். முதல் பொசம். பிறகு நான். எல்லாத்தையும்.

அழுதா. நான் கையைப் பிடிக்கப் போக, சவர்க்காரக் கை எண்டு தட்டிவிட்டா. பிறகு மூக்கைத் துடைச்சுக்கொண்டு கேட்டா:

"உப்புச் சரியா இருந்ததோ? படைக்கிறதை நான் ருசி பார்க்கிறேல்லை."