நாலு மரமும் ஒரு பெயரும்

என் அன்புத் தம்பி குணத்துக்கு,

லண்டனில் வெயில் தாங்காமல் கடைகளில் மின்விசிறி முடிந்துபோன வருடம். நகரத்துக்குள் காரோடு போகக் காசு வாங்கத் தொடங்கியதும் அதே வருடம்தான். அப்போதுதான் நீ பிரிஸ்பேனிலிருந்து என்னைப் பார்க்க வந்தாய். கோலியர்ஸ் வுட் வீட்டில் நாங்கள் வேர்த்துக் கொட்ட, இதெல்லாம் ஒரு வெயிலா என்று சிரித்தாய்.

உன் பேச்சு முழுக்கக் கோலாதான். அது கரடி இல்லை, கங்காரு போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கிற சாதி என்றாய். அது காட்டில் வாழ்வது அவுஸ்திரேலியாவின் கிழக்கிலும் தெற்கிலும் மட்டும்தான். யூக்கலிப்டஸ் இலைதான் சாப்பாடு. அதிலும் எல்லா யூக்கலிப்டஸும் ஆகாது. தனக்கென்று சில மரங்களை வைத்துக்கொண்டு அவற்றையே சுற்றி வரும். "மரம்தான் அண்ணை அதுக்கு வீடு. என்ரை வளவிலை நாலு வீடு நிக்குது." எழுத்தறியாதவன் நான், ஒரு சொல்லும் மறக்கவில்லை.

நீ இங்கே நின்ற நாட்களில், அங்கே உன் பக்கத்து வீட்டு வளவிலிருந்த உன் மனைவி தங்கத்தின் தம்பி அந்த நாலு மரத்தையும் தறிப்பித்தான். அவனுடைய கூரையில் மழைத்தண்ணீர் ஓடும் பீலிக்குள் இலை விழுந்ததாம். உன்னிடம், கவுன்சில் தறித்தது என்றான். நீ நம்பினாய். தேத்தண்ணீரும் கொடுத்தாய்.

அடிக்கட்டையைச் சுற்றிக் கோலா தரையில் நடக்கிறது என்று போனில் சொன்னாய். நாலாம் நாள் அதை நாய் பிடித்துவிட்டது. மூன்று மாதத்தில் நீயும் போனாய். மரண அறிவித்தலில் 'பாசமிகு மைத்துனர்' என்று அவன் பெயரைப் போடச் சொன்னவன் நான்தான், தெரியுமா?

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் தங்கம் உண்மையைச் சொன்னாள். "நான் இருக்குமட்டும் வாய் திறவாதேங்கோ அத்தான். அவன் என்ரை தம்பி." ஐந்து வருடம் விழுங்கிக்கொண்டிருந்தேன். நீ என்றால் பொறுத்திருப்பாயா? போன மாதம், இங்கே பனி கொட்டி பஸ் எல்லாம் நின்ற அன்று, அவளும் போய்விட்டாள். நேற்று அவளுடைய முப்பத்தொன்றும் முடிந்தது.

மருமகள்தான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். பெயரைப் போட்டால் சண்டை வரும் மாமா என்று பேனையை வைத்துவிட்டாள். "வரட்டும் பிள்ளை. பாசமிகு எண்டு போட்ட பேப்பரிலையே இதையும் போடட்டும்."

இனி உன் ஒவ்வொரு திவசத்துக்கும் இதைப் போடுவிப்பேன். அவன் வாசிக்க வேண்டும். அவன் வீட்டில் சம்பந்தம் பேச வருகிறவர்களும் வாசிக்க வேண்டும். கூலிக்கு வந்து மரம் அரியும் வாள் பிடித்த வெள்ளைக்காரன் செத்துவிட்டான். தங்கம் போய்விட்டாள். தறிக்கச் சொன்னவன் ஒருவன்தான் மிச்சம். கைநாட்டு வைத்து உன் அண்ணை சொல்கிறேன்: அவன் பெயர் பாலேந்திரன்.