ஸ்டெல்லாவுக்கு மூக்கு திறந்த வாரம்

1958 டிசம்பர் 8, திங்கள். திண்டிவனம்

விடிந்ததிலிருந்து தூறல். மாதா திருநாள், ஆனாலும் பூசைக்குப் போகவில்லை. கொடி முழுக்க ஈரத் துணி. எனக்குச் சளி, இருமல். என்னிடமிருந்து ஸ்டெல்லாவுக்கும். மூன்று மாதக் குழந்தைக்கு மூக்குச் சிந்தத் தெரியுமா? கர்கர் என்று மூச்சு.

அவர் காலை ரயிலில் விழுப்புரம் கூட்ஸ் ஆபீசுக்கு. போகும்போது குழந்தைக்கு முத்தம் கிடையாது. மூக்கு ஒழுகுகிறதாம்! தன் டம்ளரில் நான் ஒரு வாய் குடித்தால் சாம்பல் போட்டுத் தேய்க்கிற மனிதர். வேறென்ன செய்வார்.

வாங்க: கரி, ஜாக்கெட் கொக்கி, வெள்ளை நூல்.

9, செவ்வாய்

தூறல் விடவில்லை. கோலியனூரிலிருந்து பெரிய நாத்தனார் வந்தார், ஒரு பை மல்லாட்டையோடு (வேர்க்கடலை). நல்ல மனசு. ஆனால் செருப்பைக் கழற்றுமுன்பே வைத்தியம்.

"வெளக்கெண்ணெய வெதுவெதுன்னு காச்சி மூக்குல ரெண்டு சொட்டு வுடும்மா. கோழையெல்லாம் வழிஞ்சிக்கினு வந்துடும்."

"வேணாங்க அண்ணி. நெஞ்சுக்குள்ள போயிட்டா இன்னா பண்றது?"

"நாலு பெத்தவளுக்கு நீ சொல்றியா?"

நான் மசியவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூக்குப்பொடி போட்டார்.

ஸ்டெல்லா மார்பில் வாய் வைக்கிறாள். இரண்டு இழுப்பு, மூச்சு முட்டுகிறது, விட்டுவிட்டு அலறல். திரும்பத் திரும்ப இதேதான். மார்பில் பால் கட்டிக்கொண்டு ஒரே வலி, மடியில் பிள்ளை பட்டினி. பயமாக இருக்கிறது. அழுதுவிட்டேன். எண்ணெய் விட்டிருக்கலாமோ என்று கூட ஒரு நிமிஷம்.

10, புதன்

ஆஸ்பத்திரி. நாத்தனாரும் கூட. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். நெஞ்சு சுத்தம், மூக்கு மட்டும்தான் என்றார். அப்பாடா.

நர்சம்மா சொன்னது: கொதித்து ஆறிய தண்ணீர் அரை டம்ளர், உப்பு ஒரு சிட்டிகை. ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு. கொஞ்சம் பொறுத்து, வாயால் மெதுவாக உறிஞ்சித் துப்ப வேண்டும். உடனே பால். எண்ணெய் கூடவே கூடாது. (நாத்தனார் சுவரைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.)

"உன் வாய் வேணாம்மா, சளி புடிச்சிக்கினு இருக்கே. இந்தம்மாவும் வேணாம், பொடி போடறாங்க. வூட்ல வேற யாரு கீறாங்க?"

நாத்தனாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது.

"வாயாலயா? வேற வழியே இல்லியா மேரி?"

"டேய், உன் மூக்க உறிஞ்சித் துப்புனவடா நானு!" நாத்தனார் போட்டார் ஒரு போடு. வாழ்க.

அழுது அழுது குழந்தைக்குக் குரலே கம்மிவிட்டது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். போய்ப் பல் தேய்த்தார். வாய் கொப்பளித்தார். மறுபடியும் கொப்பளித்தார். நான் பஞ்சை நனைத்துச் சொட்டு விட்டேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தார். ஒரு உறிஞ்சல். தோட்டத்துக்கு ஓடித் துப்பினார், ஓங்கரித்தார். இனி வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். நான் சொல்லாமலே அடுத்த மூக்கு.

"ஜல்தி, ஜல்தி, பால் குடு!"

குடித்தாள்! விடாமல் குடித்தாள். மடக் மடக் என்று சத்தம். பக்கத்திலேயே குந்திக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார், ஏதோ கச்சேரி கேட்பவர் மாதிரி. எண்ணெய் இல்லாமலே ஜெயித்தோம்.

12, வெள்ளி

வெயில்! துணியெல்லாம் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. நேற்று லீவு போட்டார், ஒவ்வொரு பாலுக்கும் முன்னால் அவரே. இன்று உறிஞ்ச வேண்டிய வேலையே இல்லை, மூக்கு சுத்தம். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். போய் வி.புரம் ஆபீஸ் முழுக்கப் பெருமை அடித்துவிட்டு வந்திருக்கிறார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் போலீஸ்காரர் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதே மூக்கடைப்பு. "சார், உங்களுக்குப் பழக்கமாயிடுச்சே. இவனுக்கும் கொஞ்சம்..."

"அதெல்லாம் பெத்தவன் வேலைங்க. வாய் கொப்பளிச்சிக்கினு வாங்க, சொல்லித் தர்றேன்."

உப்புத் தண்ணீர் நான் விட்டேன். அவ்வளவு பெரிய மீசையோடு போலீஸ்காரர் குனிந்தார். மீசை மூக்கில் பட்டதுதான் தாமதம், குழந்தை போட்டான் ஒரு தும்மல். இரண்டு மூக்கும் ஒரே அடியில் காலி, மொத்தமும் மீசையில். மனிதர் ஆடாமல் அசையாமல் நிற்கிறார்.

இவர் கத்துகிறார்: "மீசைய அப்பறம் பாத்துக்கலாம் சார், மொதல்ல அவங்கம்மாவ கூப்டுங்க, பால் குடிக்கட்டும்!"